மாநகராட்சியின் சும்மா கிடக்கும் நிலத்தில் ஏழைகளுக்கு வீடு கட்ட முடியாதா?

கேள்வி: சென்னை மாநகராட்சிக்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது. எங்கள் வார்டிலேயே பழைய பிரிவு அலுவலகம் ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கெல்லாம் கட்டிக் கொடுக்காமல் ஏன் எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள்?

பதில்:

முடியும். கட்டவும் வேண்டும். ஆனால் காலியாகத் தெரியும் நிலமெல்லாம் உபரி நிலம் ஆகிவிடாது. இந்த ஒரு விஷயத்தில் தெளிவு இல்லாமல் கோரிக்கை வைப்பதால்தான் நல்ல கோரிக்கைகளும் முதல் பதில் கடிதத்தோடு நின்றுபோகின்றன.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். "கவர்மென்ட் இடம்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது வருவாய்த் துறையின் புறம்போக்காக இருக்கலாம், வீட்டு வசதி வாரியத்துடையதாக இருக்கலாம், குடிநீர் வாரியம், போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ரயில்வே, துறைமுகம், கோயில் என்று யாருடையதாகவும் இருக்கலாம். மாநகராட்சியின் பெயரில் இருப்பது இவற்றில் ஒரு பங்குதான். போர்டை நம்ப வேண்டாம். டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். பிளாக் எண்ணும் டி.எஸ். எண்ணும் (நகர நில அளவை எண்) தெரிந்தால் போதும். மாநகராட்சி பல வருஷமாக அனுபவித்து வரும் இடம்கூட அந்தப் பதிவேட்டில் சர்க்கார் புறம்போக்கு என்றே இருக்கலாம். அப்படியானால் வருவாய்த் துறையிடமிருந்து நில உரிமை மாற்றம் வாங்க வேண்டும். வட்டாட்சியர், ஆட்சியர், நில நிர்வாக ஆணையர் என்று கோப்பு ஏறி இறங்கும். இடையில் நுழைவு அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டு, உரிமை மாற்றம் முடியாமலே வீட்டை ஒதுக்கினால், கிரயப் பத்திரம் தரும் நாளில் குடியிருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது வகைப்பாடு. பெரிய மனைகளுக்குத் திட்ட அனுமதி தரும்போது திறந்தவெளிக்காகத் தானப் பத்திரம் போட்டு வாங்கும் ஓ.எஸ்.ஆர். நிலம் மாநகராட்சியின் பெயரில்தான் இருக்கும், பல இடங்களில் புல் முளைத்துக் கிடக்கும். அதில் வீடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை முன்வைத்து யாரும் தடை வாங்கிவிடலாம். நீர்நிலைப் புறம்போக்கும் அப்படித்தான். குளம், வாய்க்கால், ஏரி உள்வாய் என்று பதிவாகியிருந்தால் இன்று சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் தொடக்கூடாது. தி.நகர் ஒரு காலத்தில் ஏரி, மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு அதன் கரை. மழைக்கு அந்தத் தண்ணீர் இன்னும் தன் இடத்தைத் தேடி வருகிறது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலம் இன்னொரு கண்ணி. 1978-இன் அந்தச் சட்டம் 1999 ஜூன் 16 அன்று நீக்கப்பட்டது. அதற்கு முன் அரசு நிலத்தை உண்மையாகவே கைவசம் எடுத்திருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் எடுத்திருந்தால் பழைய உரிமையாளரின் வாரிசு வழக்குப் போட்டு ஜெயிப்பார்.

கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளில் பழைய குப்பையைத் தோண்டி எடுத்து நிலம் மீட்கிறார்களே, அங்கே கட்டலாமே என்றும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பல பத்தாண்டுக் குப்பை கிடந்த மண்ணில் மீத்தேன் இருக்கும், நிலத்தடி நீர் கெட்டிருக்கும், மண் சமமில்லாமல் இறங்கும். போதாததற்குப் பெருங்குடி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். ஏழைகள் என்பதற்காக எந்த மண்ணும் போதும் என்று நினைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் கழிந்து மிஞ்சுவது எது? நீங்கள் சொன்ன மாதிரி பூட்டிய பிரிவு அலுவலகம், மாணவர் இல்லாமல் மூடிய பள்ளிக் கட்டடம், ஆள் வராத சந்தை, பழைய ஊழியர் குடியிருப்பு, வண்டி நிறுத்தும் யார்டு, குத்தகை முடிந்தும் திரும்ப வாங்காத மனை. கடைசியாகச் சொன்னது முக்கியம். குத்தகைப் பதிவேட்டைச் சரியாகப் பார்த்தாலே நிலம் வெளியே வரும். கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் 99 வருஷக் குத்தகையில், வருஷத்துக்கு 614 ரூபாய் 13 பைசா வாடகையில் இருந்தது. 2024 செப்டம்பரில்தான் அரசு அதற்கு சீல் வைத்தது. அது வருவாய்த் துறை நிலம், மாநகராட்சியுடையது அல்ல. அங்கே குளம் வெட்டியது என் பார்வையில் சரியான முடிவும்கூட, வேளச்சேரி மூழ்காமல் இருக்க அந்தக் குளங்கள் வேண்டும். ஆனால் அதே கண்ணோடு பத்து கிரவுண்டு, பதினைந்து கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) குத்தகைகளையும் யாராவது பார்க்க வேண்டும்.

சின்ன இடத்தில் எத்தனை வீடு வரும் என்ற சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுவிடலாம். 6 கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடி. உயரம் 18.30 மீட்டருக்குள் இருந்தால் அது அடுக்குமாடி உயரக் கட்டடம் ஆகாது, எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம்) 2. ஆக 28,800 சதுர அடி கட்டலாம். 400 சதுர அடி வீடு ஒன்றுக்கு நடைவழி, படிக்கட்டு, லிஃப்டின் பங்கையும் சேர்த்து 520 சதுர அடி வையுங்கள். கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட், மேலே 5 தளம், தளத்துக்கு 10 வீடு. மொத்தம் 50 வீடு, 26,000 சதுர அடி. ஸ்டில்ட்டின் ஒரு மூலையில் அங்கன்வாடியோ ரேஷன் கடையோ வைக்கவும் இடம் இருக்கிறது.

ஆனால் இது இடம் 120-க்கு 120 அடி என்று சதுரமாக இருந்தால்தான். நாலு பக்கமும் 15 அடி விட்டாலும் 90-க்கு 90 கிடைக்கும். அதே 14,400 சதுர அடி 40-க்கு 360 என்று ரிப்பன் மாதிரி நீண்டிருந்தால், இரண்டு பக்கமும் 15 அடி விட்டபின் மிஞ்சுவது பத்தடி அகலம். பத்தடியில் என்ன கட்ட முடியும்? சாலையையும் டேப் வைத்து அளக்க வேண்டும். 9 மீட்டர் அகலம் இல்லாவிட்டால் 18.30 மீட்டர் உயரம் கிடைக்காது, வீடுகள் பாதியாகக் குறையும். வடசென்னையில் பல நல்ல இடங்கள் தட்டிப்போவது இங்கேதான். ஆகவே பட்டியல் தயாரிக்கும்போது பரப்பளவை மட்டும் எழுதினால் பயனில்லை. முகப்பு எத்தனை அடி, சாலை எத்தனை மீட்டர் என்று எழுத வேண்டும்.

இனி பணம். கட்டுமானம் சதுர அடிக்கு 2,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு 14.56 லட்சம், 50 வீட்டுக்கு 7.28 கோடி. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒன்றிய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் தருகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு. மீதி மாநில அரசும் பயனாளியும். இப்போது நிலத்துக்கு வருவோம். சதுர அடி 6,000 ரூபாய் என்றாலே இந்த மனை 8.64 கோடி. வீட்டுக்கு 17 லட்சத்துக்கும் மேல், கட்டடத்தையே மிஞ்சிவிட்டது. மாநகராட்சி நிலத்தைக் கொடுப்பதன் முழு அர்த்தம் இந்த 17 லட்சத்தில்தான் இருக்கிறது. ஒரு துறை இன்னொரு துறையிடம் சந்தை விலை கேட்டால் திட்டம் அன்றே செத்துவிடும். பிறகு மலிவான நிலம் தேடி ஊருக்கு வெளியே போகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதிலும் அதுதான். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல் வீடுகள் வந்தது பெரிய நிலம் ஒரே இடத்தில், ஒரே கோப்பில் கிடைத்ததால். ஒரு டெண்டர், ஒரு ஒப்பந்ததாரர், ஒரு திறப்பு விழா. நூறு சின்ன இடங்களில் 50 வீடு கட்டினாலும் 5,000 வீடு வரும், ஆனால் நூறு கோப்பு நகர வேண்டும். அதிகாரிக்குக் குறையும் அந்த வேலை குடிபெயர்ந்தவர் தலையில் விழுகிறது. மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்த்து, எட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஓடிவந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெண்ணுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து அந்த முதல் வீடு கிடைக்காது. பேருந்தில் வந்து சேரவே விடிந்துவிடும். வீடு கிடைத்தது, வேலை போயிற்று என்றால் அதை எப்படி மறுவாழ்வு என்று சொல்வது?

சின்ன இடத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது, இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது (2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது). அதன் பழைய தரை+3 பிளாக்குகள் பல இடிக்கும் நிலையில் இருக்கின்றன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடு கொண்ட பிளாக் ஒன்று அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. பழையதை இடித்துக் கட்டும்போது குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தருகிறார்கள். சென்னை வாடகையில், அட்வான்ஸும் கொடுத்தால், அது எத்தனை மாதம் தாங்கும்? கட்டி முடிக்க ஒன்றரை வருஷமாவது ஆகும். அதற்குப் பதில் பக்கத்திலுள்ள மாநகராட்சி இடத்தில் முதலில் 50 வீடு கட்டி, பழைய பிளாக்கிலிருந்து 50 குடும்பத்தை அங்கே ஏற்றிவிட்டு, பிறகு பழையதை இடிக்கலாம். குடும்பங்கள் ஒரே தடவைதான் சாமான் தூக்கும். பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம்.

நிலத்தை விற்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. நகருக்குள் இருக்கும் வீட்டுக்குக் கிரயப் பத்திரம் கொடுத்தால் அடுத்த கஷ்டத்தில், ஒரு கல்யாணத்திலோ ஆஸ்பத்திரிச் செலவிலோ, அது கைமாறிவிடும். மனை மாநகராட்சியின் பெயரிலேயே இருக்கட்டும். வீட்டை நீண்ட காலக் குத்தகைக்கோ வாடகைக்கோ கொடுக்கலாம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீடுகளுக்கே தனிப் பிரிவு இருக்கிறது.

கட்டும்போது கெடுவது பெரும்பாலும் பூச்சு வேலை. புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021-இல் கையால் தொட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி. வந்து ஆய்வு செய்தது. தூசு அதிகமுள்ள எம்-சாண்ட், குறைத்த சிமென்ட், ஏழு நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுவது, மூன்றில் ஒன்று போதும் பூச்சு கெட. ஒரு ஆணியால் சுவரில் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் சரி, மாவாகக் கொட்டினால் பில்லை நிறுத்தச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தார் தண்ணீரும் சாக்கடையும் தாங்குமா என்று கேட்பார்கள். அதை எதிர்ப்பு என்று ஒதுக்காமல் கணக்கால் பதில் சொல்ல வேண்டும். 50 வீட்டில் 225 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு சுமார் 30,000 லிட்டர், அதில் 24,000 லிட்டர் கழிவுநீராக வெளியே போகும். தெருவிலுள்ள பழைய குழாய்க்கும் உந்து நிலையத்துக்கும் அந்தத் திறன் இருக்கிறதா என்று டெண்டருக்கு முன்பே குடிநீர் வாரியத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாங்காமல் கட்டிய இடங்களில் வீடு தயாரான பிறகும் இணைப்புக்காகப் பூட்டே தொங்கும்.

உங்கள் வார்டு இடத்துக்கு வருகிறேன். ரிப்பன் மாளிகையிலுள்ள நிலம் மற்றும் உடைமைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. "ஏன் காலியாக இருக்கிறது" என்று கேட்காதீர்கள், "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று பதில் வரும். ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்: டி.எஸ். எண்ணோடு நிலப் பதிவேட்டுப் பக்கம், குத்தகை இருந்தால் ஒப்பந்தமும் கடைசி வாடகை ரசீதும், வழக்கு இருந்தால் எண், அந்த இடம் குறித்த மன்றத் தீர்மானம். பதில் தர 30 நாள் அவகாசம். வந்ததும் முகப்பையும் சாலையையும் நீங்களே அளந்து, எத்தனை வீடு வரும் என்ற கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, வார்டு மக்கள் கூடும் ஏரியா சபையில் கவுன்சிலரிடம் கொடுத்து நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.