பாக்கெட்டில் வந்த கையெழுத்துக்கு இன்னொரு சான்றிதழ் எதற்கு?

கேள்வி: என்னிடம் விளையாட்டு வீரர்கள் கையெழுத்திட்ட சேகரிப்பு கார்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று, டாப்ஸ் கம்பெனியின் பேஸ்பால் கார்டு பாக்கெட்டைப் பிரித்தபோது கிடைத்தது. மற்றது ஃப்ளீர் கம்பெனியின் கார்டு, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுடையது. கண்காட்சியில் சான்றிதழோடு வாங்கினேன். இரண்டையும் கையெழுத்து அசலா என்று பார்க்கும் பிஎஸ்ஏ நிறுவனத்தில் சோதித்துத் தருவதாகச் சொல்லி ஒரு டீலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டாப்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். அதன் பின்பக்கம் பாருங்கள்: கையெழுத்து அசல் என்று கம்பெனியே பொறுப்பேற்கும் வரி ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். வீரரிடம் கையெழுத்து வாங்கி பாக்கெட்டில் வைத்தவர்களே அவர்கள்தான். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்றவர்கள் பெரும்பாலும் பழைய கையெழுத்துகளோடு ஒப்பிட்டுக் கருத்துதான் சொல்கிறார்கள். அதற்கு எதற்குக் காசு?

ஆனால் இதே மாதிரி கார்டை நாளை வேறொருவரிடம் வாங்கினால் கவனம். ஒரே வீரருக்குக் கையெழுத்து இல்லாத சாதாரண கார்டும் வரும், விலை சொற்பம். அதில் மார்க்கரால் கிறுக்கிவிட்டு 'பாக்கெட்டில் வந்தது' என்று விற்கிறார்கள். சாதாரண கார்டின் பின்னால் ஆட்டக் கணக்குதான் இருக்கும், அந்தப் பொறுப்பேற்பு வரி இருக்காது. பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கையெழுத்தே அச்சில் வந்த கார்டுகளும் உண்டு. 1975 டாப்ஸ் வரிசை அப்படித்தான். அதை அசல் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

ஜோர்டான் கார்டுதான் எனக்குக் கவலை. அவர் 1992 முதல் அப்பர் டெக் கம்பெனியோடுதான் கையெழுத்து ஒப்பந்தம் வைத்திருக்கிறார். அவர்கள் விற்பதில் எண்ணிட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். உங்களுடையது ஃப்ளீர் கார்டு, அந்த ஹாலோகிராம் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. சான்றிதழ் விற்றவரே எழுதியது என்றால் அது வெறும் காகிதம். 1990களில் அமெரிக்காவில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு போலிக் கும்பலைப் பிடித்தது. அன்னை தெரசா கையெழுத்தைக்கூட பேஸ்பாலில் போட்டு விற்றவர்கள் அவர்கள். அந்தச் சரக்குக்கும் சான்றிதழ் இருந்தது!

ஆகவே இதை விற்கும் எண்ணம் இருந்தால் சோதனைக்கு அனுப்பத்தான் வேண்டும். டீலர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். நடுவில் கமிஷன் போகும். திரும்பி வருவது உங்கள் கார்டுதானா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இரு பக்கமும் படமெடுத்துவிட்டு நீங்களே அனுப்புங்கள். யாருடைய கையெழுத்து என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும், ஜோர்டானுக்கு அதிகம். 'அசல் இல்லை' என்றாலும் அந்தப் பணம் திரும்பாது. காத்திருப்பும் சாமானியமில்லை. 2021 மார்ச்சில் குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளையே நிறுத்தி வைத்தது. வீரர் உங்கள் கண்ணெதிரே போட்டுத் தந்தாலும் பிஎஸ்ஏ போன்றவர்களின் ஸ்டிக்கர் இல்லாமல் சந்தை நம்பாது என்ற நிலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அனுப்பும் முன், கார்டை விற்றவரைப் பிடியுங்கள். சோதனையில் தேறாவிட்டால் பணத்தையும் கட்டணத்தையும் திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள். மறுத்தால், இப்போதே பணத்தைக் கேளுங்கள்.