ஆங்கிலம் கற்பிப்பவர் மாணவர்களின் வீட்டுமொழியை எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். தமிழ் பேசுவோருடன், வீட்டில் மலையாளம் பேசுவோரும், ஹோட்டலில் வேலை பார்க்கும் வங்காளத் தொழிலாளர் இருவரும் வருகிறார்கள். அவர்களுடைய மொழிகளை நானும் கற்க வேண்டுமா?

பதில்: பேசக் கற்க வேண்டியதில்லை. அம்மொழிகளில் வாக்கியம் எப்படி அமைகிறது, எந்த ஒலிகள் இல்லை என்பதை அறிந்திருந்தால் போதும். ஒரு பிழை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும்.

சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்றிருக்கும் ஒற்றைக் கட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாக விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில், வீட்டில் மலையாளம் பேசிக்கொண்டே தமிழ்வழியில் படித்தவர்களும் உண்டு, மலையாளவழியில் படித்தவர்களும் உண்டு. ஆகவே, வீட்டில் பேசுவது எது, பள்ளியில் படித்தது எந்த வழியில், பத்திரிகை வாசிப்பது எந்த எழுத்தில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் குண்டூசிக்கு ஒரு சொல் (pin), குப்பைத்தொட்டிக்கு வேறொரு சொல் (bin); தமிழில் எழுதினால் இரண்டுமே 'பின்' என்றுதான் நிற்கும். மலையாள எழுத்தில் அவ்விரு ஒலிகளுக்கும் வெவ்வேறு எழுத்துகள் உள்ளதால், அதை வாசிப்பவருக்குக் கரும்பலகையிலேயே வேறுபாட்டைக் காட்டிவிடலாம். தமிழ் மட்டும் வாசிப்பவருக்குக் காதால் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சி கூடுதலாக வேண்டும்.

'அவர் டாக்டர்' என்பது தமிழில் முழு வாக்கியம்; வங்காளத்திலும் அப்படியே. அதனால் இவ்விரு மொழியினரும் ஆங்கிலத்தில் 'இஸ்' என்பதை விட்டுவிடுவது இயல்பு. மலையாளத்திலோ 'டாக்டராணு' என்று முடிப்பார்கள். அந்த 'ஆணு'வைச் சுட்டிக்காட்டினால் 'இஸ்' எளிதாக விளங்கும். வங்காளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 'ஷே' என்ற ஒரே சொல் வழங்குகிறது. எனவே ஹோட்டல் தொழிலாளி தம் முதலாளியை ஆங்கிலத்தில் 'ஷீ' என்று குறிப்பிட்டால், அதைக் கவனக்குறைவு என்று கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் தாய்மொழியே காரணம் என்று சொல்வதும் தவறு. 'ஞான் வந்நு', 'அவள் வந்நு' என்று மலையாள வினை ஆளுக்கேற்ப மாறுவதில்லை. அதனால்தான் 'ஹீ கோஸ்' என்பதை 'ஹீ கோ' என்கிறார்கள் என்று விளக்கத் தோன்றும். ஆனால் வந்தேன், வந்தாள் என்று மாற்றிப் பேசும் தமிழரும் அதே பிழையைச் செய்கிறார்கள். ஆங்கிலம் கற்போர் எந்த மொழிக்காரராயினும் நெடுநாள் தடுமாறும் இடம் அது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும்.

இவற்றையெல்லாம் நூல்களில் தேட வேண்டியதில்லை. 'என் அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார்' என்பதை ஒவ்வொருவரையும் தம் மொழியில் சொல்லச் சொல்லி, தமிழ் எழுத்தில் பலகையில் எழுதி, எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று அவர்களையே கேளுங்கள். வீட்டுமொழியை வகுப்பில் பேசக் கூச்சப்படுபவரை வற்புறுத்தாதீர்கள்.