குளத்து நீரில் எண்ணெய் போன்ற படலம் மினுங்குவதும் அடியில் செம்மஞ்சள் சேறு படிவதும் எதனால்?

கேள்வி கேட்டவர் தம் ஊர்க் குளத்தில் யாரோ கழிவெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று முன்னரே தீர்மானித்துவிட்டுச் சான்று தேடுகிறார் என்றே தோன்றுகிறது. தவறாயின் பொறுத்தருள்க, ஒரு காலத்தில் நானும் அதையே செய்தேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் கோயிற் குளம் மாரி முடிந்து வற்றத் தொடங்கிய ஒரு தை மாதத்தில், கரையோரம் வானவில் நிறப் படலமும் அதன்கீழ் துருநிறச் சேறும் தென்பட்டன. அருகிலோ ஒரு கராஜ். வேறென்ன வேண்டும்? கராஜ்காரருக்கு எதிரான முறைப்பாட்டில் பதினேழு பேர் கையொப்பமிட்டோம். விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் என் பெயரே முதலாவதாக இருந்தது.

சில நாள் கழித்து என் மாணவன் ஒருவன் கிளுவந்தடியால் அப்படலத்தைக் குத்தினான். எண்ணெயானால் விலகி மீண்டும் கூடியிருக்கும். இதுவோ கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான்.

எங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுத்தான். மழை அதைக் குளத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க, அடிச்சேற்றில் இலைகுழைகள் அழுகி ஒட்சிசன் தீர்ந்துபோகும்போது, சில பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக அந்தப் பெரிக்கு இரும்பை, அதாவது நீரில் கரையாத துருநிற இரும்பைக் கொண்டே சுவாசித்து, அதை நீரில் கரையும் நிறமற்ற பெரசு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. அந்த நீர் கரையில் கசிந்து காற்றைத் தொட்டதும் இரும்பு மறுபடி பெரிக்கு வடிவம் பெற்றுச் செம்மஞ்சளாகப் படிகிறது. மேலே மினுங்குவதும் அதன் மெல்லிய தகடே. லெப்டோத்ரிக்சு போன்ற பற்றீரியாக்கள் இந்த வேலையில் கைகொடுக்கின்றன.

நம் குளங்கள் ஆழமற்றவை. காற்று கலக்கிவிடுவதால் இந்த நாடகம் பெரும்பாலும் சேற்றோடு முடிந்துவிடும். குளிர்நாட்டு ஆழ ஏரிகளிலோ கோடையில் மேல்நீரும் அடிநீரும் கலவாது நிற்க, அடிநீர் முழுவதிலும் கரைந்த இரும்பு சேர்ந்து, இலையுதிர் காலத்தில் நீர் புரளும்போது துருவாகித் திரும்பவும் அடிக்கே விழுகிறது. இரும்பு படியும்போது பொசுபேற்றையும் பிடித்துக்கொண்டு போகும், கரையும்போது விட்டுவிடும் என்பதை இங்கிலாந்து ஏரிகளில் ஆராய்ந்து மோர்ட்டிமர் 1941, 1942 ஆம் ஆண்டுகளில் எழுதினார். பொசுபேற்று பாசிக்கு உரம் என்பதால், குளம் திடீரெனப் பாசி பிடித்துப் பச்சையாவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவீடனின் சிமோலாந்துப் பகுதியிலோ ஏரியடியில் கட்டியாகச் சேர்ந்த இரும்புத்தாதைப் பனிக்கட்டியில் துளையிட்டு வாரியெடுத்து உருக்கினார்கள்.

இப்படி எழுதுவதால் எண்ணெய் மாசே இல்லை என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த முறைப்பாடுகளை நான் மறக்கவில்லை. எண்ணெய் மணம் வந்தால், குத்திய படலம் மீண்டும் கூடினால், நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முறைப்பாடு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

நான் கராஜுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அவர், “மாஸ்டர், அதை எழுத்தில தாங்கோ” என்றார். எழுதிக்கொண்டு மற்றப் பதினாறு பேரின் வீட்டுப் படலைகளையும் தட்டினேன். என்னுடையதோடு சேர்த்து மூன்று கையொப்பங்கள் கிடைத்தன.