பந்தைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கிற பையன்

கேள்வி: பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். மேட்ச் முழுக்கக் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டே இருப்பேன். பெற்றோர் சிலர் குறை சொல்கிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட் கோச்சாக இருந்த ஃபெர்குசன் கத்தவில்லையா? கோச் கறாராக இருந்தால்தானே டீமும் கறாராக இருக்கும்?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: கோச்சின் குணம் டீமில் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஆத்திரம் அவர்களிடம் போய்ச் சேரும்போது ஆத்திரமாக இருப்பதில்லை, பயமாகிவிடுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பூர் பக்கம் ஒரு மைதானத்தில் பதினான்கு வயதுப் பையன்களின் மேட்ச் பார்த்தேன். இடது பக்கம் பேக் ஆடிய பையன் கொடுத்த பாஸ் தப்பி எதிரணிக்காரன் காலுக்குப் போனது. துரத்திக்கொண்டு ஓட வேண்டியவன், திரும்பி கோச்சின் முகத்தைப் பார்த்தான். இரண்டு விநாடி இருக்கும். அதற்குள் பந்து கோலுக்குள் போய்விட்டது. “எத்தனை தடவைடா சொல்றது!” என்று கோச் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தார்.

அதன் பிறகு நான் அந்தப் பையனை மட்டும்தான் கவனித்தேன். கோல்கீப்பர் கையில் பந்து வரும்போதெல்லாம் அவன் எதிரணி ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆளைக் காவல் காக்கிற மாதிரி தெரியும். பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை. கத்தினால் பையன் ஓடுவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பந்தைக் கேட்க மாட்டான். பதினோரு பேரில் நாலு பேர் இப்படி ஒளிந்தால், மிச்சம் ஏழு பேர் பந்தைத் தூக்கித் தூக்கி அடிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

சரி, ஃபெர்குசனுக்கு வருவோம். அவர் கத்தினார். அந்தக் கத்தலுக்கு ‘ஹேர் டிரையர்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்றுவிட்டு வந்த அன்று அவர் உதைத்த ஷூ பறந்துபோய் அவர் டீமில் ஆடிய பெக்கமின் புருவத்துக்கு மேலே கிழித்தது. ஆனால் நீங்கள் அதற்கு ஐந்து வருடம் முன்னாலும் பார்க்க வேண்டும். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி வந்த அதே பெக்கமின் கொடும்பாவியை இங்கிலாந்தில் தொங்கவிட்டார்கள். ஃபெர்குசன் அவன் பக்கம் நின்றார். அடுத்த சீசனில் மான்செஸ்டர் யுனைடெட் மூன்று கோப்பை எடுத்தது, பெக்கம் முழுசாக ஆடினான். இதை விட்டுவிட்டுக் கத்தலை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அவர் கத்தியது பெரும்பாலும் மூடிய அறைக்குள், சம்பளம் வாங்குகிற பெரிய ஆட்களிடம். நீங்கள் கத்துவது பதினான்கு வயதுப் பையனிடம், அவன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இன்னொரு பெரிய கோச் மொரீன்யோவையும் சிலர் சொல்வார்கள். பத்திரிகைக்காரர்களிடமும் நடுவர்களிடமும் அவர் பாய்வதைத்தான் நாம் பார்க்கிறோம். 2010 மே மாதம் அவர் கோச்சாக இருந்த இன்டர் மிலான் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற இரவு, கிளம்பிப்போன காரை நிறுத்தி இறங்கி, சுவரோரம் நின்ற தன் டீம் ஆள் மாட்டெராஸியைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த மேட்ச்சின் கடைசி நிமிடத்தில்தான் உள்ளே வந்த ஆள் மாட்டெராஸி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்கூட தன்னை வேண்டாதவனாக நினைக்கவில்லை. அதே மாட்டெராஸி பிறகு நம் ஊர் டீமான ‘சென்னையின் எஃப்சி’க்குக் கோச்சாக வந்தார். 2015 இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டியில் தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்த டீம் 3-2 என்று ஜெயித்தது. கோச் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலையைத் தொங்கப்போட்ட டீமால் அது முடியாது.

ஒரு தடவை ஜெயித்த கோச் எப்போதும் ஜெயிப்பார் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஆடிய சென்னையினுக்கு 2018இல் கோப்பை வாங்கித் தந்தவர் ஜான் கிரிகரி. அவரே 2019-20இல் ஆறு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயிக்க முடிந்தது, விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். கிட்டத்தட்ட அதே ஆட்கள் இறுதிப் போட்டி வரை போனார்கள். கோய்ல் ஆட்டமுறையையும் மாற்றினார். துவண்டு போயிருந்தவர்களை முன்னேறி ஆடச் சொல்லும் துணிச்சலும் அதற்குள் இருக்கிறது.

கறாராக இருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்கு லேட்டாக வந்தால் உங்கள் டீமின் கோல் அடிக்கிற செல்லப் பிள்ளையும் வெளியேதான் நிற்க வேண்டும். பையன்கள் அதைத்தான் உற்றுக் கவனிப்பார்கள், சத்தத்தை அல்ல. ஆளுக்கொரு சட்டம் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற கோச்சை அவர்கள் முதல் வாரத்திலேயே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த மேட்ச்சில் ஒருவன் பாஸைத் தப்பவிட்டு உங்கள் பக்கம் திரும்பும்போது, “போடா, பந்தைத் துரத்து” என்று கையைக் காட்டுங்கள், அவ்வளவுதான். எந்தக் காலால் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம், இரண்டாவது பாதியில் உங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததும், அந்தப் பையன் எங்கே போய் நிற்கிறான் என்று பாருங்கள்.