பாதியில் நிற்கும் கேம்பர் வேனும் ஐந்து கடன்களும்

கேள்வி: பார்சல் விநியோகத்துக்கு ஓடிய பழைய வேன் ஒன்றைக் கடனில் வாங்கி, விடுமுறை நாட்களில் நானே கேம்பராக, அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கிப் பயணம் போகும் வண்டியாக, மாற்றிக்கொண்டிருக்கிறேன். தரை, சுவர் இன்சுலேஷன் முடிந்தது. படுக்கைச் சட்டம் பாதியில் நிற்கிறது. ஃபிரிட்ஜ், 300 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 3000 வாட் இன்வெர்ட்டர், கூரை விசிறி எல்லாம் வாங்கிவிட்டேன், இன்னும் பொருத்தவில்லை. கையில் பணம் தீர்ந்துவிட்டது. "இன்னொரு கடன் எடுத்து முடித்துவிடு, வாடகைக்கு விட்டால் கடன் தானாக அடையும், வருமானத்தில் ஆளுக்குப் பாதி" என்கிறார் என் அத்தான். மனைவிக்கு வேன் கடன் மட்டும்தான் தெரியும். கடன் எடுக்கட்டுமா? மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். இன்னொன்று, கூரையில் விசிறிக்குத் துளை வெட்டலாமா?

பதில்: எடுக்காதீர்கள்.

வரவு செலவு எழுதுவது எப்படி, அவசரத்துக்குக் கையிருப்பு ஏன் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் திருகாணி வாங்கியது வரை இருக்கிறது. இவ்வளவு கவனமான ஒருவர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார் என்று தாளை இரண்டு முறை பார்த்தேன். காரணம் ஒன்றுதான். ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக ஒரு தவணையைத் தொடங்கியிருக்கிறீர்கள். வாங்கும்போது "மாதம் இவ்வளவுதானே" என்று ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரிந்திருக்கும். ஐந்தையும் ஒரே வரியில் கூட்டிப் பார்த்த கணக்கு மட்டும் உங்கள் தாளில் எங்கேயும் இல்லை.

தொகைகளை அப்படியே போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். சரி, வேன் வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அந்த அளவிலேயே சொல்கிறேன். உங்கள் மாதச் சம்பளம் அப்போது 20.

வேனுக்கு 20 கையிலிருந்து, 80 கடன். 12 சதவீத வட்டி, நான்கு வருடம்: மாதம் 2.1. மரவேலைக்கும் இன்சுலேஷனுக்கும் எடுத்த தனிநபர் கடன் 30, அதற்கு 16 சதவீதம், மூன்று வருடம்: மாதம் 1.05. பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து 18, பன்னிரண்டு தவணை: மாதம் 1.5. ஃபிரிட்ஜ் 9, ஒன்பது தவணை: மாதம் 1. கூரை விசிறியும் சில்லறைச் சாமான்களும் கிரெடிட் கார்டில் 10, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறீர்கள்: 0.5. கூட்டினால் மாதம் 6.15. சம்பளத்தில் 30 சதவீதம், இன்னும் ஓர் இரவுகூடத் தங்காத வண்டிக்குப் போகிறது. அத்தான் சொல்லும் 40 கடனையும் அதே 16 சதவீதத்தில் எடுத்தால் இன்னொரு 1.4 சேரும். மாதம் ஏழரை.

கார்டுதான் இதில் மோசம். மாதம் 3 சதவீத வட்டி என்றால் 10-க்கு வட்டி மட்டும் 0.3. நீங்கள் கட்டும் 0.5-இல் அசலுக்குப் போவது வெறும் 0.2. வட்டியில்லாத் தவணை என்று வாங்கிய பேட்டரியையும் நான் இலவசமாக நினைக்க மாட்டேன். வட்டி இல்லை என்பதாலேயே மூன்று மடங்கு பெரிய பேட்டரியை எடுத்துவிட்டீர்கள், செலவு அங்கேதான் ஏறியது.

வாடகைக்கு விட்டால் கடன் அடையும் என்ற பேச்சையும் இதே தாளில் போட்டுப் பார்ப்போம். ஆயத்த கேம்பர் ஒன்றின் வாடகை வாரத்துக்கு 4 என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அத்தானுக்குப் பாதி போனால் உங்களுக்கு 2. மாதம் ஏழரை என்றால் வருடத்துக்கு 90. அதை 2-ஆல் வகுத்தால் 45 வாரம். வருடத்தில் இருப்பதே 52 வாரம்! புதுக் கடனின் தவணையை மட்டும் கட்டவே எட்டு ஒன்பது வாரம் வண்டி வெளியே போக வேண்டும், அதுவும் ஊரே விடுமுறையில் இருக்கும் வாரங்களில். உங்களுக்கும் அப்போதுதான் லீவு. இதில் வாடகை வாகனமாகப் பதிவு செய்வது, அதற்கான காப்பீடு, நீங்களே இழுத்த மின்கம்பிகளுக்கு முன்பின் தெரியாதவர் தூங்கும்போது வரும் பொறுப்பு எதையும் நான் சேர்க்கவில்லை.

அத்தான் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது மட்டும், வருமானத்தில் பாதி அவருடையது என்றால் அது கூட்டு இல்லை. "பாதி லாபம் வேண்டுமென்றால் பாதிக் கடனை உங்கள் பேரில் எடுங்கள், அத்தான்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அக்காவை நடுவில் இழுக்காமல் அவரிடமே நேராகச் சொல்லுங்கள். இந்தப் பேச்சு அநேகமாக அத்தோடு முடிந்துவிடும்.

சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றாலும் கணக்கு சரிப்பட வேண்டும். புதுக் கடனோடு மொத்தச் செலவு 207, வட்டிகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40. ஆக 250-ஐத் தொடுகிறது. ஐந்து வருடம் கழித்து 120-க்கு விற்றால்கூட (தாராளமாகத்தான் சொல்கிறேன்) 130 போய்விட்டது. வரி, காப்பீடு, பராமரிப்பு என்று நீங்கள் போட்டிருக்கும் வருடம் 6-ஐச் சேர்த்தால் 160. வாரம் 4 வாடகையில் அது 40 வாரம், அதாவது வருடத்துக்கு எட்டு வாரம். உங்களுக்குக் கிடைக்கும் லீவு மூன்று வாரம். வார இறுதிகளைச் சேர்த்தாலும் எட்டு வருவது கடினம். கேம்பர் கட்டும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. கையால் ஒன்றைச் செய்து அதில் குடும்பத்தோடு கிளம்பிப் போவதில் இருக்கும் சந்தோஷத்தை இந்தத் தாள் அளக்காது. ஆனால் அதற்கு 250 செலவழிக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் அடித்துச் சொல்ல வருவது.

பாதியில் நின்றுபோன வீட்டில் குடியேற முடியாது, அதனால் சிலர் கடன் மேல் கடன் வாங்கியாவது கூரை போடுகிறார்கள். வேனுக்கு அந்த அவசரமே கிடையாது. மெத்தை போட்ட அன்றைக்கே அதில் தூங்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாமல் ஒரு பயணம், குழாய் இல்லாமல் 20 லிட்டர் தண்ணீர் கேனோடு ஒரு பயணம், வெளியே வைத்துச் சமைக்கும் சின்ன அடுப்போடு ஒரு பயணம் என்று போகப் போக, எது உண்மையில் தேவை என்று தெரிந்துவிடும். நீங்கள் ஒருமுறைகூடத் தூங்கிப் பார்க்காமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிவிட்டீர்கள்.

அந்த பேட்டரியையே பாருங்கள். 300 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 3800 வாட்-மணி. உங்கள் சாமான்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாட்-மணி வேண்டும்? சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் சுமார் 400, விளக்குகள் 80, போன்கள் 50, விசிறி மெதுவாக ஓடினால் 100 முதல் 150. எல்லாம் சேர்த்து 700-க்குள் அடங்கும். நீங்கள் வாங்கியது ஐந்து நாளைக்கு மேல் சார்ஜே ஏற்றாமல் ஓடும் அளவு. தினமும் வண்டி ஓட்டிப் போகும் பயணத்தில் அது எதற்கு? 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தால், எஞ்சின் ஓடும்போது அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்தே மணிக்கு 350 வாட்-மணிக்கு மேல் ஏறும். இரண்டு மணி நேர ஓட்டம் ஒரு நாள் தேவையை நிரப்பிவிடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும். 3000 வாட் இன்வெர்ட்டர் முழு பாரத்தில் 12 வோல்ட்டில் 250 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கான தடித்த கேபிளும் ஃபியூஸும் இன்னொரு செலவு. இண்டக்‌ஷன் அடுப்புக்காகத்தானே அதை வாங்கினீர்கள்? வீடியோக்களில் பளபளவென்று தெரியும் அந்த வேன்களில் சிலவற்றுக்குச் சாமான்கள் விளம்பரத்துக்காக இலவசமாக வருகின்றன. உங்களுக்கு யாரும் இலவசமாகத் தரவில்லை.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன, அது நல்லதாகப் போயிற்று. கடை திரும்ப எடுத்துக்கொண்டால் தவணையோடு சேர்த்து ரத்தாகுமா என்று முதலில் கேளுங்கள். மாட்டேன் என்றால் வெளியே விற்றுவிடுங்கள். 18-க்கு வாங்கியது 13-க்குப் போனாலும் சரி. நஷ்டம் வலிக்கும், ஆனால் அந்தப் 13-இல் 10-ஐக் கார்டில் கட்டி அதை மூடலாம். மீதி 3 கிளட்சுக்கு. மெக்கானிக் 4 கேட்டிருக்கிறார், மிச்சத்தைச் சம்பளத்திலிருந்து போடுங்கள். ஃபிரிட்ஜ் தவணை இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. வெளியே விற்றால் பேட்டரி தவணை மட்டும் எட்டு மாதம் ஓடும். அதன்பிறகு உங்கள் மாதச் சுமை 6.15-இலிருந்து 3.15-க்கு இறங்கிவிடும். அதுவரை எதையும் தவணையில் வாங்காதீர்கள். வட்டியில்லாதது, முன்பணம் இல்லாதது, "அப்புறம் கட்டுங்கள்" என்பது எல்லாமே இதில் சேர்த்தி.

கிளட்ச் விஷயத்தில்தான் எனக்கு உங்கள் மேல் கோபமே வருகிறது. பேட்டரிக்கு 18 கொடுத்தவர், வண்டி மேடு ஏறத் தேவையான 4-ஐக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறீர்கள். டெலிவரி வேன் நாள் முழுக்க நின்று நின்று கிளம்பிய வண்டி. கிளட்சும் பிரேக்கும் பக்கக் கதவின் ரோலர்களும்தான் அதில் முதலில் தேயும். அந்த எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் இருந்தால் அது எப்போது மாற்றப்பட்டது என்று இப்போதே விசாரியுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்து, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிவிடும். மரவேலைக்கு முன்னால் இவற்றுக்கு ஒரு தொகை ஒதுங்கியிருக்க வேண்டும்.

உள்ளே என்ன செய்தாலும் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த முதல் கேம்பிங் சாமான்களே அப்படிப்பட்டவைதான்: வாரநாளில் வேன் வேலைக்குப் போகும், விடுமுறையில் பெட்டியை உள்ளே வைத்தால் படுக்கையும் அடுக்களையும் ஆகிவிடும். போல்ட் போட்டு நிறுத்திய படுக்கைச் சட்டமும் ஓர் அடுக்களைப் பெட்டியும் இருந்தால், நாளை விற்க நேரும்போது அவற்றை வெளியே எடுத்துவிட்டுச் சரக்கு வேன் விலைக்கே கொடுக்கலாம். அரைகுறையாக முடிந்த கேம்பரை வாங்குபவர் அதைப் பிரித்து எறியும் செலவையும் விலையில் கழிப்பார். எடையையும் கொஞ்சம் பாருங்கள்: 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று 20 கிலோவுக்கு மேல். பத்துப் பலகை 200 கிலோ. வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையில் ஆட்களும் தண்ணீரும் சேர்ந்துதான் கணக்கு.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள் இருக்கின்றன. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம். எரிவாயு சிலிண்டரை உள்ளே வைத்தால் தரைமட்டத்தில் காற்றோட்டத் துளை வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இதற்குள் எழுதிச் சொல்லிவிட்டீர்களா? சரக்கு வண்டி என்று எழுதிய பாலிசியில் படுக்கை போட்டுத் தூங்கிய வண்டி எரிந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும். பதிவில் மாற்றம் வேண்டுமா என்று வாகனப் பதிவு அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நான் மேலே கூட்டிய அந்த ஒரு பத்தியை எடுத்து, உங்கள் உண்மையான தொகைகளைப் போட்டு, ஒரே தாளில் காட்டுங்கள். கூடவே பேட்டரியை விற்கும் திட்டத்தையும் காட்டுங்கள். நான்கு கடன்கள் மறைவில் இருக்கும்வரை ஐந்தாவதை மறைப்பது சுலபமாகவே இருக்கும். இந்தப் பழக்கம் வளர்ந்ததும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கூரைத் துளைக்கு வருவோம். கிளட்ச் முடிந்து, கார்டு மூடி, இந்த வண்டியைக் குறைந்தது நான்கைந்து வருடம் வைத்திருப்பது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்த பிறகு வெட்டுங்கள். திரும்பப் பெற முடியாத வேலைகளில் நான் ஒத்துக்கொள்ளும் ஒன்று அதுதான். மூச்சில் வரும் ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகி இன்சுலேஷனுக்குப் பின்னால் ஓடும், துரு அங்கேதான் தொடங்கும். காற்று வெளியேற வழி இருந்தால் அது வெகுவாகக் குறையும். வெட்டிய ஓரத்துக்கு அன்றைக்கே துருத் தடுப்பு ப்ரைமர் அடித்துவிட்டு, அது காய்ந்த பிறகு சீலண்ட் போடுங்கள். விசிறி ஏற்கெனவே கையில் இருக்கிறது, தகடு வெட்டும் ரம்பப் பிளேடும் ப்ரைமரும் சீலண்டும் வாங்கினால் போதும், அவற்றையும் ரொக்கத்தில்.