அப்பாவின் அம்பாசிடர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். எங்கள் அப்பாவுக்குக் கேரளத்துப் புனலூரில் மலஞ்சரக்கு (மிளகு, ஏலம் மாதிரி மலைப்பொருள்) கடை. அவர் வைத்திருந்தது 1986ஆம் வருஷத்து அம்பாசிடர், பெட்ரோல் வண்டி, கே.எல்.கியூ. என்று தொடங்கும் பழைய கேரள நம்பர். நான் கார் ஓட்டப் பழகியது அதில்தான். அப்பா தவறி ஒன்றரை வருஷமாகிறது. அன்றிலிருந்து வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது. இப்போது அம்மா செங்கோட்டைக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். புனலூர் வீட்டைக் காலி செய்கிறோம். வண்டியை என்ன செய்வது என்று வீட்டில் ஒரே பேச்சு.

புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தோம். நீலப் புகை வந்தது. எஞ்சின் சிலிண்டரைப் போர் அடித்து (உள்சுவரைக் குடைந்து), கிராங்க் தண்டை அரைக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெயின்ட் வேலை செய்கிற ஒருவர், ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். விண்டேஜ் என்று பதிந்துகொண்டால் தொல்லையே இல்லை என்கிறார் மைத்துனர். வீட்டுக்காரரோ, லிட்டருக்குப் பத்துகூடத் தராத வண்டி எதற்கு, காயலான் கடைக்குப் போடு என்கிறார். எனக்கு விற்க மனசு வரவில்லை. வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று பயமாகவும் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்), செங்கோட்டை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறும் தூரத்துக்கு. அப்பாவின் நினைவாகத் துணி போர்த்தி ஷெட்டில் நிறுத்தி வைக்கத்தான் என்றால், ஓட்டுகிற ஒருவர் கையில் இப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

பழைய வண்டியை ஓட்டம் கெடுப்பதைவிட நிறுத்தம்தான் அதிகம் கெடுக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றி, அடியில் தங்கும் பிசின், பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ஆயில் சீல் காயும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி வடிவம் மாறும். எல்லாவற்றையும்விட மோசம் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. புனலூர் மழைக்காலம் ஒன்றைத் தாண்டி நின்ற வண்டியில் அது எவ்வளவு இழுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால், முதல் காசு பிரேக்குக்கு. ஆசை ஆசையாக ஓட்டிக்கொண்டு புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு மலைப்பாதையில் இறங்கிவிடாதீர்கள். பிரேக் வேலையைப் புனலூரிலேயே முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நீக்கினால் உள்ளே இருக்கும் ஆயில் தெளிவாக, லேசான மஞ்சளாக இருக்க வேண்டும். நின்ற வண்டியில் அது கறுத்து, சேறு மாதிரி விரலில் ஒட்டும். பிஸ்டனை வெளியே தள்ளிவிட்டு, துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி மின்னினால் ரப்பர் கப்பை மட்டும் மாற்றலாம். அங்கங்கே ஊசியால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளி தெரிந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போதும் என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். புதுக் கப் அந்தப் புள்ளியில் உரசி உரசிச் சீக்கிரமே கிழியும். பிரேக் ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை) எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாக இருக்கும் பழைய ஹோஸ், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவு உங்களுக்குத் தெரியாததில்லை. முன்னால் எம்.சாண்ட் லாரி, பின்னால் காய்கறி லாரி. டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இரண்டாம் கியரில் விட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். ஏறும்போது இன்னொரு விஷயம்: கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. லாரி பின்னால் ஊர்ந்து ஏறுகையில் வண்டி நிற்காமல் முதல் கியருக்கு வர வேண்டுமானால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். அந்த வண்டியிலேயே பழகியவர் நீங்கள், அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் செங்கோட்டை சமதளத்தில் பழகிவிட்டு மலை ஏறுங்கள்.

சரி, நீலப் புகை. எண்ணெய் எரிகிறது என்பது நிச்சயம். அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று தெரிவதற்கு முன்னால் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இவ்வளவு காலம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஓட ஓட விடுபடும். பழைய ஆயிலை இறக்கி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக் ஓட்டைகளில் துளித்துளி எண்ணெய் விட்டு, கையால் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நாள் ஓடட்டும். அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால், அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கட்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு.

இதைக் கண்டுபிடிக்க நம் மலைப்பாதையும் உதவும். தென்மலையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும்போது விடாமல் புகைந்தால், ரிங்கும் போரும் போய்விட்டன, மெக்கானிக் சொன்னது சரி. ஏறும்போது சும்மா இருந்துவிட்டு, கோட்டைவாசலிலிருந்து ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கி, புளியரைச் சமதளத்தில் முதல் மிதி மிதித்ததும் குப்பென்று புகைந்து அடங்கினால் அது வால்வு கைடு, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய். கால் எடுத்து இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் வேகம் கூடும், தேய்ந்த கைடு வழியாக எண்ணெய் இறங்கிச் சேரும், மிதித்ததும் அது எரியும். அதற்கு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். போர் வேலைக்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசம்.

ஹெட் இறங்குகிறது என்றால் ஒரு வேலையைச் சேர்த்துச் செய்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின் இது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் சீட் தேயாமல் அந்த ஈயம் காத்துக்கொண்டிருந்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். அப்பா ஏற்கெனவே கடினமான சீட் போட்டிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இப்போது போட்டுவிடலாம். வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவது சீட் தேய்வதன் அடையாளம்.

இன்றைய பெட்ரோலில் இன்னொரு சிக்கல். பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கரைக்கும், தண்ணீரையும் இழுக்கும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டி வரலாம். ஹோஸ் கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டினால் வண்டி தீப்பிடிக்கும். பிரேக்குக்கு அடுத்த காசு இதற்குத்தான்.

பெயின்ட்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை இப்போதைக்கு அனுப்பிவிடுங்கள். நம் பகுதியில் பழைய வண்டியின் எதிரி துரு. ஜூனில் தொடங்கும் மழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும், இந்தப் பக்கம் சாரலாக நனைத்துக்கொண்டே இருக்கும், தகரம் காயவே காயாது. துரு தெரியாமல் பட்டி தடவி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுக்கும் வேலையை நிறையப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அடுத்த சாரலுக்குள் பெயின்ட் கொப்பளித்து எழும். நீங்களே பார்க்கலாம்: மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பாகம், மட்கார்ட் ஓரம் எல்லாம் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். கால்மிதியையும் கீழே இருக்கும் கார்பெட்டையும் தூக்கிவிட்டுத் தரையை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தையும் விடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் சிறு ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்கு. ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்துங்கள். அடைத்திருந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒழுகும். மழைக்காலம் முழுக்க இதைச் செய்துகொண்டே இருந்தால் கதவு அழுகாது. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்கிற டிங்கர் கிடைத்தால் அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். பெயின்ட் கடைசி. அப்பா கடைவாசலில் நிறுத்தி மங்கிய அதே பெயின்டோடு ஓடினாலும் ஒரு குறைவும் இல்லை.

மைத்துனர் சொன்ன விண்டேஜ் பதிவு உங்களுக்கு ஒத்துவராது. 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் அது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். உங்களுக்கு வேண்டியது சாதாரண ஆர்.சி. புதுப்பித்தல். 1986இல் பதிந்த வண்டி என்றால் முதல் 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷம் என்று கணக்குப் போட்டால் 2026 வரும். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வண்டியைப் பொறுப்பாகப் பராமரித்து, மாதத்தில் சில நாள் மட்டும் ஓட்டுகிறவர்கள் மேல் இவ்வளவு சுமை வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. புகையைச் சோதித்து, பிரேக்கைச் சோதித்து, தேறாததை நிறுத்தட்டும்.

முதலில் வாரிசுச் சான்றோடு உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றுங்கள். வண்டி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கப் போகிறது என்றால், கேரளத்தில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே புது நம்பர் எடுத்தாக வேண்டும். கே.எல்.கியூ. போய்விடும். வருத்தம்தான். பழைய நம்பர் பலகையைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

சாமான் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அம்பாசிடர் செய்த மேற்கு வங்க உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஆனாலும் 1950களின் கடைசியிலிருந்து அடிப்படை மாறாமல் லட்சக்கணக்கில் வந்த வண்டி என்பதால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் இன்னும் கிடைக்கிறது. உங்கள் 1489 சிசி எஞ்சின், பழைய மோரிஸ், எம்.ஜி. கார்களில் இருந்த அதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் குடும்பம். அதனால் சில பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். அருமையாகிவருவது நல்ல ரப்பர் சாமான், கண்ணாடி, பம்பர், விளக்கு. கண்ணில் பட்டால் இப்போது தேவையில்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

சாமானைவிட அருமை, கை பழகிய மெக்கானிக். பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயின்ட்டின் இடைவெளியைக் கேஜ் (அளவுத் தகடு) வைத்துச் சரிசெய்கிறவர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் பட்டறையை மூடுகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். உடன் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஃபேன் பெல்ட்டைப் பிடித்து எஞ்சினை மெதுவாகச் சுற்றி, பாயின்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, 0.4 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்தால் லேசாக உரசி வர வேண்டும். அந்த உரசல் எவ்வளவு என்பதை எழுதிக் காட்ட முடியாது, அவர் உங்கள் கையில் தகட்டைக் கொடுத்தால்தான் தெரியும். ஒருமுறை தெரிந்துவிட்டால் மழையில் ஆரியங்காவு ரோட்டில் வண்டி நின்றாலும் பயப்பட மாட்டீர்கள்.

வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லிட்டருக்குப் பத்து கிடைத்தாலே நல்ல டியூனிங் என்று அர்த்தம். இதை வீட்டின் ஒரே வண்டியாக வைக்காதீர்கள். அவசரத்துக்கு வேறு வண்டி இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கோ பண்பொழிக்கோ ஒரு சுற்று போய்வர இது போதும். அந்த முன் சீட்டில் அம்மா எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பார்கள்! விற்பதா வேண்டாமா என்று அவர்களிடம் கேட்டீர்களா? கடிதத்தில் மைத்துனர் வரை எல்லார் கருத்தும் இருக்கிறது, அவர்கள் கருத்து மட்டும் இல்லை.

தென்காசிப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் விலாசத்தைத் தனி அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையில் போங்கள், செவ்வாய்க்கிழமை பட்டறை லீவு.