பிளானின் மூலையில் யார் பெயர்?

கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஆர்க்கிடெக்ட்டாக இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். சித்தூர் தாலுகாவிலும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிப் பக்கமும் வீடு கட்டுகிறேன். இந்தத் தொழிலில் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இடம் உண்டா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

வேலந்தாவளம், ஒரு அம்மா: மகள் ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்படுகிறாள். வெயிலில் நிற்கிற வேலை பெண்ணுக்கு ஆகுமா என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

சேர்த்துவிடுங்கள் அம்மா. அதே வெயிலில் செங்கல் சுமக்கும் சித்தாளைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. மும்பை ஜே.ஜே. கல்லூரியில் பெரின் மிஸ்திரி என்ற பெண் 1936-லேயே ஆர்க்கிடெக்ட்டாகப் படித்து வெளியே வந்துவிட்டார். ஐந்து வருடப் படிப்பு. முடித்ததும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1972-ஆம் வருடச் சட்டப்படி, பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம்.

நிஜமான கஷ்டம் சைட்டில் கழிப்பறை இல்லாததுதான். நான் காலையில் தண்ணீர் குடிக்காமலே கிளம்பிய வருடங்கள் உண்டு. இப்போது அஸ்திவாரம் தோண்டும் முன்பே தற்காலிகக் கழிப்பறை கேட்டு வாங்கிவிடுகிறேன். சித்தாள்களுக்கும் அது வேண்டுமே.

கோவை, கடைசி வருட மாணவி: வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் சீனியர் அக்காக்கள் பலர் முப்பது வயதுக்குள் தொழிலை விட்டுவிடுகிறார்கள். ஏன்?

குழந்தை பிறக்கும் சமயத்தில்தான் விடுகிறார்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். நம் ஊர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் ஐந்தாறு பேர்தான். அங்கே முதலாளியின் மனசுதான் சட்டம்.

என் கதையும் அதுதான். முன்பு ஓர் ஆபீஸில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் முழுக்க நான் வரைந்தேன். பிரசவம் முடிந்து திரும்பினால், பிளானில் வரைந்தவர் பெயர் போடும் வலது மூலையில் வேறொருவர் பெயர். எனக்குக் கொடுத்தது சமையலறை அலமாரி டிராயிங். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் கணவர் ராபர்ட் வெஞ்சூரியும் சேர்ந்தே வேலை செய்த ஆர்க்கிடெக்ட்கள். 1991-இல் ஆர்க்கிடெக்ட்களுக்கான பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கணவருக்கு மட்டும். 2013-இல் ஹார்வர்ட் மாணவிகள் கையெழுத்து வாங்கிக் கேட்டும் திருத்த மறுத்துவிட்டார்கள். 1979-இல் தொடங்கிய அந்த விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2004 வரை ஆனது. வாங்கியவர் ஜாஹா ஹதீத். அதனால் நீ வரைந்த ஒவ்வொரு தாளிலும் உன் பெயரைக் கேட்டு எழுத வை. கேட்பது தப்பே இல்லை.

கோவிந்தாபுரம், டிப்ளமோ படிக்கும் தம்பி: எங்கள் காலனிப் பையனிடம் யாராவது வீடு வரையச் சொல்வார்களா?

சிலர் சொல்ல மாட்டார்கள் தம்பி. பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். பூமி பூஜைக்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆர்க்கிடெக்ட், தன் பக்கத்தில் உட்கார வெள்ளைக்காரர்கள் கூசுவார்கள் என்று, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தபடியே தலைகீழாக வரையப் பழகினார். எதிரே இருப்பவருக்குப் படம் நேராகத் தெரியும். அவர் வீடு கட்டிக் கொடுத்த சில பகுதிகளில் அவரே குடியிருக்கத் தடை இருந்தது. அங்குள்ள ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் தங்கப் பதக்கம் 2017-இல், அவர் இறந்து 37 வருடம் கழித்து வந்தது. அந்தத் திறமையை நினைத்தால் பெருமை, அதற்கு அவசியம் வந்ததை நினைத்தால் கோபம். நீ அப்படிக் குனிய வேண்டாம். கணக்குப் பாடத்தை விடாமல் பிடி, டிப்ளமோவுக்குப் பிறகு பி.ஆர்க். என்ற ஆர்க்கிடெக்ட் பட்டப்படிப்பில் சேர வழி இருக்கிறது. அப்புறம், லீவில் என் ஆபீஸுக்கு வா.

மீனாட்சிபுரம், ஒரு மேஸ்திரி: பொம்பளை சொன்னால் பசங்க கேட்பாங்களா மேடம்?

ஆரம்பத்தில் கேட்கவில்லை அண்ணா. "சார் வரலையா?" என்பார்கள். ஒருநாள் கான்கிரீட் கலவை ரெடி. குனிந்து பார்த்தேன், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கே அடியில் இல்லை, கம்பி பலகையில் படுத்திருந்தது. அப்படியே போட்டால் கம்பி துருப்பிடித்து சில வருடத்தில் கூரை பெயர்ந்து விழும். நிறுத்தச் சொன்னேன். இரண்டு மணி நேரம் முணுமுணுத்தபடியே கம்பியைத் தூக்கிக் கட்டைகள் வைத்தார்கள். அடுத்த கூரைக்கு அவர்களே போன் செய்து கூப்பிட்டார்கள்.

ஒரு சித்தாளின் மகள்: அம்மா பதினைந்து வருடமாகச் சாந்துச் சட்டிதான் தூக்குகிறார். கொத்தனார் ஆக முடியுமா?

கட்டாயம் முடியும். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற சுய உதவிக் குழுப் பெண்கள் பயிற்சி எடுத்து முழு வீடே கட்டுகிறார்கள். அத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்த அம்மாவுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்திருக்கும். நல்லேப்பிள்ளியில் எனக்கு ஒரு சுற்றுச்சுவர் வேலை நடக்கிறது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அழைத்து வா. கரண்டியும் ரசமட்டமும் நான் தருகிறேன்.